காட்டு யானைகளுக்காக வெளிநாட்டில் தன்னார்வப் பணி: போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

மழைக்குருவி:

வணக்கம். வேலையில் நீண்ட விடுப்பு கிடைத்திருக்கிறது. காட்டு யானைகள் உள்ள ஏதாவது ஒரு நாட்டில் சில வாரங்கள் தன்னார்வலராக வேலை செய்ய வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. முகாமில் சங்கிலியோடு நிற்கும் யானைக்குப் பழம் ஊட்டுவது, ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவது, இதெல்லாம் எனக்கு வேண்டாம். தன் போக்கில் திரியும் யானை, அதன் பக்கத்திலேயே பயிரும் ஆடுமாடும் வைத்து வாழும் மக்கள், இரண்டு பேருக்கும் கொஞ்சமாவது பயன்படுகிற வேலை. அப்படி ஒன்றைத்தான் தேடுகிறேன்.

இணையத்தில் பார்த்தால் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி பேசுகின்றன. எல்லாமே கட்டணம் கேட்கின்றன. நான் விலங்கு மருத்துவரும் இல்லை, உயிரியல் படித்தவளும் இல்லை, அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே உண்மையில் என்ன வேலை கொடுப்பார்கள்? யாருக்காவது உதவுமா, இல்லை காசு கொடுத்துப் போகும் சுற்றுலாவா? தனியாகப் போகும் பெண் என்பதால் அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஒற்றையடிப் பாதை:

நமீபியாவின் வடமேற்கில் உகாப் ஆற்றுப் பகுதிக்கு இந்த வேலையாகப் போயிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருப்பவை பாலைவன யானைகள் என்று அழைக்கப்படுகின்றன. தனி இனம் கிடையாது, ஆப்பிரிக்கப் புல்வெளி யானைதான். மழை அரிதான நிலத்தில் வாழப் பழகிக்கொண்டவை. ஆறு என்று பெயர்தானே தவிர, ஆண்டில் சில நாட்கள் தண்ணீர் ஓடினால் அதிகம், சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஆனால் மணலுக்கு அடியில் ஈரம் இருக்கும், கரையில் 'ஆனா' என்ற பெயருள்ள மரங்கள் நிற்கும். மற்ற மரங்கள் காய்ந்து நிற்கும் கோடையில் அந்த மரம் பச்சையாக இருக்கும், காய்களை உதிர்க்கும். யானைகள் அதை நம்பி படுகையோடு மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கின்றன. தண்ணீர் குடிக்காமல் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும்.

எஹ்ரா என்ற அமைப்பு அங்கே வேலை செய்கிறது. அவர்கள் முறை எளிமையானது: ஒரு வாரம் கட்டுமானம், ஒரு வாரம் யானைகளைத் தேடிப் போகும் ரோந்து. கட்டுமான வாரத்தில் கல் பொறுக்குவது, ஆற்று மணல் அள்ளி வண்டியில் ஏற்றுவது, சிமெண்ட் கலப்பது, சுவர் எழுப்புவது. அந்த வாரம் முழுவதும் ஒரு யானைகூடக் கண்ணில் படாமல் போகலாம். போகிறவர்கள் பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் மொத்தப் பணியின் உயிரே அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

ஏன் சுவர் என்று சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்வு என்பது ஆழ்துளைக் கிணறு, ஒரு பம்ப், ஒரு தொட்டி, கொஞ்சம் ஆடுகள், சில மாடுகள். தாகத்தோடு வரும் வளர்ந்த யானை ஒரே தடவையில் 100 லிட்டருக்குமேல் குடித்துவிடும். ஒரு கூட்டமே வந்தால் தொட்டி காலி. தொட்டி காலியானபின் குழாயைப் பிடுங்கும், பம்பைத் தள்ளும், தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் தூணை அசைக்கும். மறுநாள் காலை ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லை, மனிதர்களுக்கும் இல்லை. பழுது பார்க்கப் பொருள் வாங்க வேண்டுமென்றால் நெடுந்தூரம் போக வேண்டும். டீசல் பம்பாக இருந்தால் யானை குடித்த தண்ணீருக்கான டீசலும் அந்தக் குடும்பத்தின் கைக்காசு. அந்த வீட்டுக்காரர் யானையைச் சுட வேண்டும் என்று சொன்னால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பம்பையும் தொட்டியையும் சுற்றிக் கனமான கல்சுவர் வந்துவிட்டால் யானையால் எட்டிப் பிடுங்க முடியாது. சுவருக்கு வெளியே யானைகள் குடிக்கத் தனித் தொட்டி கட்டிவிடுவார்கள். குடித்துவிட்டுப் போய்விடும்.

இதன் பின்னணியையும் சொல்ல வேண்டும். 1980களில் போர், கள்ளவேட்டை, வறட்சி எல்லாம் சேர்ந்து அந்தப் பகுதியிலிருந்து யானைகளை விரட்டிவிட்டன. 1990களின் பிற்பகுதியில்தான் சில கூட்டங்கள் உகாப் பக்கம் திரும்பி வந்தன. ஆனால் நிலமும் ஆட்களும் மாறியிருந்தார்கள். அப்போது நமீபியாவை ஆண்ட தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் ஆட்சி, 1964இல் ஒடெண்டால் ஆணையம் தந்த பரிந்துரைப்படி டமாரா என்ற இன மக்களுக்கு என்று ஒதுக்கிய வறண்ட நிலம் அது. வேறெங்கோ இருந்து கொண்டுவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டவர்கள் பலர். யானையோடு வாழ்ந்த அனுபவம் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் விரும்பி யானை நிலத்தில் போய் வீடு கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

நெடும்பயணி:

அருமையான பதிவு. ரோந்தில் என்ன செய்வீர்கள்? யானைக்கு எவ்வளவு பக்கத்தில் போவீர்கள்?

ஒற்றையடிப் பாதை:

காலையில் படுகையில் காலடித்தடம் தேடுவோம். தடத்தின் விளிம்பு கூராக இருக்கிறதா, காற்றில் மணல் சரிந்திருக்கிறதா, லத்தி ஈரமாக இருக்கிறதா என்று உள்ளூர் வழிகாட்டி பார்ப்பார். எத்தனை யானை, கன்று உண்டா, எப்போது போயின என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கூட்டத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தள்ளி நின்று குறிப்பெடுப்போம். வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

அடையாளம் எல்லாம் காதில்தான். ஓரத்தில் கிழிசல், நடுவில் ஓட்டை, நரம்பு ஓடும் விதம், இவை யானைக்கு யானை வேறுபடும். தந்தம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எது உடைந்தது என்பதும் உதவும். வரைந்து, படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்வோம். எந்தக் கூட்டம் எந்தக் கிணற்றுப் பக்கம் வருகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த சுவர் எங்கே கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

கணக்கு பார்ப்பவர் என்று சொன்னீர்களே மழைக்குருவி, அந்தப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்க உங்களைப் போன்ற ஒருவர் கிடைத்தால் அவர்கள் மகிழ்வார்கள்.

கணக்குப்பிள்ளை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்தத் தன்னார்வச் சுற்றுலா எனக்குப் பெரிய உறுத்தல்.

விமானக் கட்டணம், நிகழ்ச்சிக் கட்டணம், தடுப்பூசி, காப்பீடு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை அப்படியே அந்த ஊருக்கு அனுப்பினால் கொத்துவேலை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பல மாதக் கூலி ஆகும். அவர் கட்டும் சுவர் நேராகவும் இருக்கும். நமீபியாவில் வேலையில்லாதவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஊரில் மண்வெட்டியே பிடித்திராத ஒருவர் இறங்கிக் கல் சுமப்பது யாருக்கு உதவி?

இன்னொன்று, இது இன்னும் மோசம். சில நிறுவனங்கள் "யானையும் கிராமமும்" என்று சேர்த்து விற்கின்றன. காலையில் யானை பார்ப்பது, மதியம் கிராமப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பது. பயிற்சி இல்லாதவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வந்து அதே பாட்டையும் அதே எழுத்துகளையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளின் முகம் எல்லோருடைய கைப்பேசியிலும். நம் வீட்டுப் பிள்ளைகளை இப்படி முன்பின் தெரியாதவர் வகுப்பில் நின்று படம் எடுக்க விடுவோமா?

ஒற்றையடிப் பாதை:

பள்ளி விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். அப்படிப்பட்ட நிகழ்ச்சி எதுவானாலும் தவிர்க்க வேண்டும். யானைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அவசியம்தான், ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் அவர்கள் மொழி பேசும், அங்கேயே இருக்கும் ஆள். வந்து போகிறவர் இல்லை.

சுவர் விஷயத்தில் பாதி ஏற்கிறேன். வெறும் உடல் உழைப்பு என்று பார்த்தால் நம்மைவிட உள்ளூர்க்காரர் பல மடங்கு மேல். ஆனால் நடைமுறையில் அந்தக் கட்டணம்தான் சிமெண்டையும் வண்டிக்கான டீசலையும் உள்ளூர் ஊழியர்களின் சம்பளத்தையும் ஆண்டு முழுவதும் தாங்குகிறது. பெரிய நன்கொடையாளர்கள் யானைக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டவும் ஆய்வுக்கும் கொடுப்பார்கள். யாரோ ஒருவருடைய தொட்டிக்குச் சுவர் கட்ட மாதாமாதம் பணம் தருபவர்கள் அரிது. தன்னார்வலர் வந்தால்தான் அந்தப் பணம் வருகிறது என்பது என் அனுபவம். "அனுப்புகிறேன்" என்று சொன்ன நண்பர்களில் உண்மையில் அனுப்பியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே மழைக்குருவி, நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் கட்டணத்தில் எவ்வளவு அந்த நாட்டுக்குப் போகிறது, எவ்வளவு நடுவில் உள்ள முகவருக்கு? அந்த இடத்தில் வேலை செய்யும் அமைப்போடு நேரடியாகப் பதிவு செய்ய முடிந்தால் அதுவே நல்லது. மேற்பார்வையாளர் யார், வழிகாட்டி யார், அவர்கள் அந்தப் பகுதிக்காரர்களா என்றும் கேளுங்கள். தெளிவாகப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

படுவான்கரை:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இதுவரை எழுதியவர்கள் எல்லாம் போனவர்கள். நான் யானை வரும் பக்கத்தில் வளர்ந்தவன், அதையும் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் வயல் பாதையில் சைக்கிளில் போக ஏலாது. வேளாண்மை, அதாவது நெல், பால் பிடிக்கும் காலத்தில் ஆண்கள் பரணில் இரவு முழுக்க முழித்திருப்பார்கள். கையில் யானை வெடி. பெண்கள் வீட்டில் தூங்காமல் காது கொடுத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். விடிந்து எல்லோரும் உயிரோடு வந்தால்தான் மனசு ஆறும். இந்த நாட்டில் அண்மைக் காலமாக ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் யானையால் சாகிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் சாகின்றன. சுடப்பட்டு, மின்சாரம் பாய்ந்து, ரயிலில் அடிபட்டு. ஹக்கப்பட்டாஸ் என்று ஒன்று இருக்கிறது, தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைப்பது. அதைக் கடித்த கன்று வாய் சிதறி, தின்ன முடியாமல் பல நாள் கிடந்து சாகும். கண்டவர்களுக்கு அது மறக்காது.

யானையைக் காட்டுக்குள் விரட்டி, காட்டு எல்லையில் மின்வேலி போட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அது சரிவரவில்லை. இலங்கையில் யானை வாழும் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மக்களும் வாழ்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. பிருதிவிராஜ் பெர்னாண்டோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் வேறு வழி காட்டினார்கள்: வேலியை ஊரைச் சுற்றிப் போடு, வயலைச் சுற்றிப் போடு, அதை ஊராரே பார்த்துக்கொள்ளட்டும். வயல் வேலி பயிர்க் காலத்துக்கு மட்டும். அறுவடை முடிந்ததும் கழற்றிவிட்டால் யானை வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போகும். கோடையில் அதற்கும் தீனி வேண்டுமே.

வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வஸ்கமுவ தேசியப் பூங்காப் பக்கம் அதிகம் வருகிறார்கள். 1995இல் தொடங்கிய இலங்கை வனவிலங்கு பாதுகாப்புச் சங்கம் அங்கே வேலை செய்கிறது. யானைக்குத் தோடை (ஆரஞ்சு), எலுமிச்சை வகை பிடிக்காது என்பதால் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றித் தோடை மரம் நட உதவுகிறார்கள். யானை போகும் பாதையில் பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போக வேண்டியிருந்ததால் பஸ் ஒன்றும் விட்டார்கள். யானையைத் தொடாமலே செய்யக்கூடிய உதவி இப்படி எவ்வளவோ இருக்கிறது.

வருகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். யானை மிதித்து ஆளை இழந்த வீட்டுக்கு உங்களைக் கூட்டிப் போவார்கள். அங்கே போய் "யானைகள் எவ்வளவு அழகு" என்று பேச வேண்டாம். கமராவை எடுக்க வேண்டாம். தேத்தண்ணீர் தந்தால் குடியுங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள்.

மழைக்குருவி:

படுவான்கரை அண்ணா, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. நான் யானையை மட்டும் மனதில் வைத்துத்தான் தேடத் தொடங்கினேன். இப்போது எந்த நாடு என்பதைவிட, ஊர்மக்கள் எங்கே முன்னால் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றுகிறது.

கொன்றை:

கென்யாவின் சாவோ கிழக்குப் பூங்காவை ஒட்டிய பகுதியில் கொஞ்ச காலம் இருந்தேன். தேனீ வேலி பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

யானை தேனீக்குப் பயப்படும் என்பது அங்கே மக்களுக்குப் பழைய செய்தி. தேன்கூடு உள்ள மரங்களை யானை ஒடிப்பதில்லை என்பதை 2002இல் ஃபிரிட்ஸ் வோல்ராத்தும் இயன் டக்ளஸ் ஹாமில்டனும் ஆய்வாக எழுதினார்கள். பிறகு லூசி கிங் தேனீக்களின் இரைச்சலைப் பதிவு செய்து யானைக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார், கூட்டம் எழுந்து ஓடியது. தோல் தடிப்புதான், ஆனால் கண்ணைச் சுற்றியும் தும்பிக்கைக்கு உள்ளேயும் கொட்டினால் தாங்க முடியாது.

வேலி இப்படித்தான் இருக்கும்: வயலைச் சுற்றிக் கம்புகள் நட்டு, 10 மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டி தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைப்பார்கள். ஒன்றில் தேனீ இருக்கும், அடுத்தது வெறும் பலகை. யானை இருட்டில் கம்பியில் முட்டினால் வரிசை முழுவதும் ஆடும், தேனீ கிளம்பும். சகல்லா என்ற ஊரில் ஒன்பது ஆண்டுகள் கணக்கெடுத்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். பயிர் விளையும் முக்கியப் பருவங்களில் நெருங்கி வந்த யானைகளில் 86 சதவீதம் வரை வயலுக்குள் நுழையவில்லை. வேலி தேனும் தருகிறது, மகரந்தச் சேர்க்கையும் நடக்கிறது. பெண்கள் தேன் எடுத்து விற்கிறார்கள்.

குறையையும் சொல்கிறேன். வறட்சி வந்தால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் தேனீ பெட்டியை விட்டுப் போய்விடும். 2017 வறட்சிக்குப் பிறகு சகல்லாவில் பெட்டிகளில் தேனீ குடியிருப்பதும் தேனும் வெகுவாகக் குறைந்து, மீண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின. யானை பசியோடு வயலைத் தேடுவதும் அதே வறட்சியில்தான்.

எனக்குக் கொடுத்த வேலை பெட்டிகளைச் சுற்றிப் பார்ப்பது, கம்பி தொய்ந்திருந்தால் இறுக்குவது, இரவில் யானை வந்துபோன தடத்தை விவசாயியோடு நடந்து வரைபடத்தில் குறிப்பது. பயிர்ச்சேதம் எவ்வளவு என்று அடி போட்டு அளப்போம். அந்த நடையில்தான் விவசாயி மனம் திறந்து பேசுவார். ஒரே இரவில் சோளம் முழுவதும் போன ஒருவர், "யானைக்குப் பசி, எனக்கும் பசி" என்றார். நான் பதில் சொல்லவில்லை, என்ன சொல்ல முடியும்?

கணக்குப்பிள்ளை:

கொன்றை சொல்லும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உள்ளூர்க்காரர் வேலையைப் பறிக்காமல், அவரோடு நடந்து பதிவு செய்வது. இதில் வெளியாள் இருப்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் நமீபியா பற்றி ஒரு பெரிய கேள்வி பாக்கி. 2020 டிசம்பரில் அந்த அரசு 170 காட்டு யானைகளை விற்கப்போவதாக அறிவித்தது. 57 விற்றது. 2022இல் 22 யானைகளை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். 2024 வறட்சியில் 83 யானைகள் உட்பட 723 விலங்குகளை இறைச்சிக்காகக் கொல்லத் திட்டம் அறிவித்தார்கள். தலையையும் தந்தத்தையும் நினைவுப் பொருளாக எடுத்துப்போகும் வேட்டைக்கும் அனுமதி உண்டு. ஒரு கையால் யானையை விற்கும் நாட்டில் போய் யானைக்காகச் சுவர் கட்டுவது சரியா?

ஒற்றையடிப் பாதை:

இது எனக்கும் எளிதான கேள்வி இல்லை. கன்றோடு கூட்டத்தைப் பிடித்து விமானத்தில் ஏற்றியதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஆனால் அந்த நாட்டின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1990இல் விடுதலை பெற்று, 1996இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். பொதுநிலத்தில் வாழும் மக்கள் தாங்களே சேர்ந்து காப்புக் கூட்டமைப்பு ஒன்றைப் பதிவு செய்யலாம், எல்லை வகுக்கலாம், அதில் உள்ள வனவிலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கே. 1998இல் முதல் நான்கு கூட்டமைப்புகள் பதிவாயின, இப்போது 80க்கும் மேல். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விலங்கு அரசின் சொத்து, சேதம் மட்டும் உன்னுடையது என்று இருந்தவரை கள்ளவேட்டைக்காரருக்கு ஊரார் வழிகாட்டினார்கள். வருமானமும் பொறுப்பும் கைக்கு வந்தபின் அதே ஊரார் காவலர் ஆனார்கள். வேலியில்லாத நிலத்தில் கருப்புக் காண்டாமிருகம் வடமேற்கில் உள்ள குனேனேயில் இன்றும் திரிவதற்குக் காரணம் அந்த ஊர்க்காவலர்கள்.

அந்த வருமானத்தில் ஒரு பகுதி வேட்டையிலிருந்து வருகிறது, உண்மைதான். எனக்கு உவப்பில்லை. ஆனால் சுற்றுலாப் பயணி எட்டிப்பார்க்காத கூட்டமைப்புகளில் அதை நிறுத்தினால் வேறு எது வரும் என்று அங்கே ஒருவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று. 2022இல் போட்ஸ்வானா, நமீபியா, சாம்பியா, ஜிம்பாப்வே, அங்கோலா ஐந்தும் சேர்ந்து எல்லைப்புறக் காடுகளில் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 2,27,900 யானைகள் இருந்தன. அதில் பாதிக்கு மேல் போட்ஸ்வானாவில். "யானை பெருகிவிட்டது" என்று நமீபிய அரசு சொல்வது எல்லையை ஒட்டிய அந்த வடகிழக்கு யானைகளை வைத்து. உகாப் பக்கம் இருப்பவையோ விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னக் கூட்டங்கள், கன்று பிழைப்பதே அரிது. அங்கே வயது முதிர்ந்த பெண் யானை ஒன்று போனால் எந்த வறட்சியில் எந்த ஊற்றுக்குப் போக வேண்டும் என்ற நினைவும் அதோடு போய்விடும். நாட்டின் மொத்தக் கணக்கில் இது தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு காதையும் வரைந்து வைக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:

விரிவான பதிலுக்கு நன்றி. வேட்டை விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை, அது இருக்கட்டும். கூட்டமைப்பு பற்றிச் சொன்னதை யோசிக்கிறேன்.

நெய்தல்:

மழைக்குருவி, நடைமுறை விஷயம் யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். நானும் தனியாகப் போன பெண்தான்.

முதலில் விசா. பல நாடுகளில் சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வப் பணி செய்வது சட்டப்படி வேலை செய்ததாகவே கருதப்படும். "சுற்றுலா என்று சொல்லி நுழைந்துவிடுங்கள்" என்று நிறுவனமே சொன்னால் அங்கே போகாதீர்கள். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள், அவர்கள் இல்லை. நேரம் எடுக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

கென்யா போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். திரும்பும்போது பல நாடுகளில் அதைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் போகும் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஒரே நாட்டுக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி வேறுபடும். காப்பீட்டில் தொலைதூர இடத்திலிருந்து மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கழிப்பறை, குளியல் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பாலைவன முகாமில் குழி தோண்டிய கழிப்பறைதான், வாரக்கணக்கில் ஒழுங்கான குளியல் இருக்காது. மாதவிடாய்ப் பொருட்களை நீங்களே கொண்டுபோய், பயன்படுத்தியதைத் திருப்பியும் கொண்டு வர வேண்டும். கூடாரத்தில் யார் யாரோடு தங்குவார்கள், இரவில் பொறுப்பாளர் யார், புகார் என்றால் யாரிடம் சொல்வது, இதை முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், ஒரு நிறுவனம் மழுப்பியது, இன்னொன்று அன்றே பதில் எழுதியது. இரண்டாவதோடுதான் போனேன்.

இரவில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் டார்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள். யானை அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் நடக்கும்.

நெடும்பயணி:

நெய்தல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எடுத்த படத்தை இருப்பிடக் குறியோடு உடனே பதிவேற்ற வேண்டாம். காண்டாமிருகம் உள்ள பகுதியில் இது உயிர்ப் பிரச்சினை, கள்ளவேட்டைக்காரர்களும் படம் பார்க்கிறார்கள். யானைக்கும் அதே கவனம் நல்லது.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடங்களுக்கு நேரடியாக எழுதியிருக்கிறேன், கட்டணப் பங்கீடு, உள்ளூர் ஊழியர்கள், விசா, இரவுப் பொறுப்பாளர் எல்லாவற்றையும் கேட்டு. பள்ளிக்கூட நிகழ்ச்சி சேர்ந்திருந்த ஒன்றை நீக்கிவிட்டேன்.

ஒற்றையடிப் பாதை அண்ணா, ஒரு சந்தேகம். எனக்கு முதுகில் பழைய வலி உண்டு. கட்டுமான வாரத்தை என்னால் தாங்க முடியுமா? முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய் மற்றவர்களுக்குப் பாரமாக இருக்க விரும்பவில்லை.

ஒற்றையடிப் பாதை:

பெரிய கல் தூக்குவதை விட்டுவிடுங்கள். கலவைக்கு மணல் சலிப்பது, சுவரின் இடுக்குகளில் சின்னக் கல் அடைப்பது, பூசுவது, சமையல் முறை, இவை எல்லாமே ஆள் கேட்கும் வேலைகள். விண்ணப்பத்திலேயே முதுகு பற்றி எழுதிவிடுங்கள், மேற்பார்வையாளர் அதற்கேற்ப வேலை பிரிப்பார். இருந்தாலும் மண் சாலையில் மணிக்கணக்கில் வண்டி குலுங்கும், சுவரைவிட அதுதான் உங்கள் முதுகைப் படுத்தும். மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் தாங்கும்படி இருக்கும், ஆனால் இரவில் குளிர் எலும்பைப் பிடிக்கும், தரையில் படுக்க வேண்டும். தடித்த தூக்கப் பையும் நல்ல தோல் கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிமெண்ட் கையை அரித்துவிடும்.

படுவான்கரை:

தங்கச்சி, வஸ்கமுவ என்று முடிவானால் எழுதுங்கள். அந்தப் பக்கம் சிங்களம்தான் பேசுவார்கள், நாலு வார்த்தை முன்கூட்டியே சொல்லித் தருகிறேன்.